ஆடிட்டருக்கு ஃபைன் போட்டா கள்ளக்கணக்கு நிக்குமா?

பேரேடு (கே.எல்.) · ஞாயிறு இரவு 9:40

போன வாரம் செந்தூல்ல ஒரு பதினாறாம் நாள் காரியம். சாப்ட்டு கை கழுவப் போனவன என் மச்சான் புடிச்சிக்கிட்டான். "ஏன்யா, ஆடிட்டருங்க கையெழுத்து போடுறீங்க, காசு வாங்குறீங்க, கம்பெனி கவுந்தா மட்டும் எங்களுக்கு ஒன்னும் தெரியாதுங்குறீங்க, உங்களையெல்லாம் ஏன் உள்ள தூக்கிப் போடல?" சுத்தி நாலு பேரு நிக்கிறாங்க. மோர் நல்லாருக்குன்னு சொல்லிட்டு நழுவிட்டேன்.

ஆனா கேள்வி உள்ளயே கெடந்து அரிக்குது. நான் ஆறு வருஷம் ஒரு நடுத்தர ஃபர்ம்ல ஆடிட் பாத்தவன், இப்ப பிரிக்பீல்ட்ஸ்ல சின்ன ஆபிஸ், எல்லாம் சின்னச் சின்ன செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனிங்க தான், லிஸ்டட் கம்பெனி ஒன்னும் கெடையாது. அதனால கொஞ்சம் வெளிப்படையாவே பேசலாம்.

ஒரு கணக்கு பாருங்க. 2022ல அமெரிக்க பங்குச் சந்தைய மேற்பாக்குற எஸ்.இ.சி., எர்ன்ஸ்ட் அண்ட் யங்குங்குற பெரிய ஆடிட் ஃபர்முக்கு 100 மில்லியன் டாலர் ஃபைன் போட்டுச்சு. எதுக்கு? அவங்க ஆளுங்க நெறிமுறைப் பரீட்சையில காப்பி அடிச்சதுக்கும், அத விசாரிச்சப்ப சரியா சொல்லாததுக்கும். இப்ப அதே பேர்ல உள்ள ஜெர்மன் ஃபர்ம எடுத்துக்குங்க. வயர்கார்ட்னு ஒரு பேமெண்ட் கம்பெனி, 1.9 பில்லியன் யூரோ பேங்குல இருக்குன்னு கணக்குல காட்டி 2020ல பாத்தா அப்படி ஒரு பணமே இல்ல. வருஷா வருஷம் கையெழுத்து போட்டது இவங்க. 2023ல அங்க உள்ள மேற்பார்வை அமைப்பு போட்ட ஃபைன் 5 லட்சம் யூரோ, கூடவே ரெண்டு வருஷத்துக்கு புது பெரிய கம்பெனி ஆடிட் எடுக்கக்கூடாதுன்னு தடை. காப்பி அடிச்சா 100 மில்லியன், 1.9 பில்லியன் காத்துல போனா அரை மில்லியன். நாடு வேற சட்டம் வேறன்னு தெரியும், இருந்தாலும் வயிறு எரியுதா இல்லையா.

நம்ம ஊருக்கு வந்தா 1எம்டிபி, அரசாங்க முதலீட்டு ஃபண்டு. வாய தொறக்கவே வேணாம். 2019 ஜனவரில அதுக்கு ஆடிட் பாத்த டெலாய்ட்டுக்கு, பங்குச் சந்தைய மேற்பாக்குற செக்யூரிட்டீஸ் கமிஷன் போட்டது 2.2 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்). அமெரிக்க நீதித்துறை சொன்ன திருட்டுக் கணக்கு 4.5 பில்லியன் டாலருக்கு மேல.

இந்த ஃபைன் எல்லாம் யாரப் பயமுறுத்துது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பினாங்கு_ஃபெரி (பட்டர்வொர்த்) · 10:05

தம்பி நல்ல இடத்துல கைய வச்சீங்க. எனக்கு வயசு 66, துறைமுகத்துல வேல பாத்து ஓஞ்சவன். இ.பி.எஃப். சேமநிதிக் காசுல 40,000 வெள்ளி எடுத்து ஒரு கம்பெனி பங்குல போட்டேன், பேரு சொல்ல மாட்டேன், கேஸு கீஸுன்னு வரும். போடுறதுக்கு முன்னாடி மவன் கிட்ட சொல்லி ஆண்டறிக்கைய பிரிண்ட் எடுத்து கண்ணாடி போட்டு படிச்சேன். கணக்கு உண்மையா நியாயமா இருக்குன்னு ஆடிட்டர் எழுதி கீழ பேரும் நம்பரும் போட்டிருக்காரு. அத நம்பித்தான் போட்டேன். கொஞ்ச மாசத்துல டிரேடிங் நிறுத்தியாச்சு. இன்னிக்கு அந்தக் காசு கோழி றெக்கைக்கு ஆவாது.

ஃபைன் கீன் எல்லாம் வேணாம். பத்து வருஷம் உள்ள போடு. அப்பத்தான் பயம் வரும்.

பேரேடு · 10:19

அங்கிள், படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. ஜெயிலும் போட்டுப் பாத்திருக்காங்க. சத்யம் ஞாபகம் இருக்கா, 2009 ஜனவரி, ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனி. சேர்மன் ராமலிங்க ராஜுவே லெட்டர் எழுதி ஒத்துக்கிட்டாரு, புலி மேல ஏறிட்டேன் அது கடிக்காம எப்படி எறங்குறதுன்னு தெரியலன்னு. 5,040 கோடி ரூபா கையிலயும் பேங்குலயும் இருக்குன்னு காட்டுனது சுத்தப் பொய். ஆடிட் பண்ணது பிரைஸ் வாட்டர்ஹவுஸ். 2015ல கோர்ட்டு ராஜுவோட சேத்து ரெண்டு ஆடிட்டருக்கும் ஏழு வருஷம் போட்டுச்சு, அடுத்த மாசமே அப்பீல், ஜாமீன். 2018ல இந்தியப் பங்குச் சந்தைய மேற்பாக்குற செபி அந்த ஃபர்முக்கு ரெண்டு வருஷம் தடை போட்டுச்சு, 2019ல தீர்ப்பாயம் அத தூக்கிருச்சு.

அந்தப் பக்கம் அமெரிக்க ஆடிட் ஃபர்ம் ஆர்தர் ஆண்டர்சன். கவுந்துபோன என்ரான் கம்பெனி கேஸ்ல 2002ல தண்டன, ஃபர்மே காலி. உலகம் பூரா 85,000 பேரு அங்க வேல பாத்தாங்க, அதுல என்ரான் ஃபைல கண்ணால பாத்தவன் எத்தன பேரு இருந்திருப்பான்? 2005ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்ப ரத்து பண்ணிச்சு, ஆனா செத்தவனுக்கு வைத்தியம் பண்ண மாதிரி. அதுக்கப்புறம் பெரிய ஃபர்ம் நாலுதான். இன்னொன்ன சாகடிச்சா மூணு. ரெகுலேட்டர் கை நடுங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கிறேன்.

கோப்பி_ஓ_காவ் (கே.எல்.) · 11:48

வணக்கம் அண்ணா, அங்கிள். நான் இப்பவும் ஆடிட்ல தான் இருக்கேன், ரெண்டாவது வருஷம், இப்பத்தான் ஆபிஸ்ல இருந்து வீட்டுக்கு வந்து மேகி போட்டுட்டு இத படிக்கிறேன். ஞாயித்துக்கிழமை, ஆமா.

அங்கிள் கோவப்படாதீங்க, நீங்க படிச்ச அந்த ஆண்டறிக்கைக்குப் பின்னாடி உக்காந்து இன்வாய்ஸ் பாத்தது என்ன மாதிரி ஒரு பொண்ணாத்தான் இருந்திருக்கும். கையெழுத்து பார்ட்னரோடது, ஆனா அந்த நூத்தி சொச்சம் வவுச்சர்ல டிக் போட்டது, டி.ஓ.வ (சரக்கு அனுப்புற சீட்டு) இன்வாய்ஸோட ஒத்துப் பாத்தது, காலையில 7 மணிக்கு ஷா ஆலம் கோடவுன்ல போய் பெட்டி எண்ணது எல்லாம் நாங்க. மூவாயிரம் வெள்ளி சம்பளம், பீக் சீசன்ல ஒரு வாரத்துக்கு மூணு கிளையண்ட். நான் கேள்வி கேட்டா கிளையண்டோட ஃபைனான்ஸ் மேனேஜர் என் சீனியருக்கு ஃபோன் போடுறாரு, "உங்க ஜூனியருக்கு பிசினஸ் புரியல"ன்னு. சீனியர் என்னப் பாத்து பெருமூச்சு விடுறாங்க. அவ்ளோதான் விசாரண.

ஃபைன் வந்தா எங்களுக்கு என்ன ஆவுது தெரியுமா? புதுசா ஒரு செக்லிஸ்ட் வரும். போன வருஷம் 14 பக்கம் இருந்தது இப்ப 22 பக்கம். கள்ளக்கணக்கு எங்கன்னு தேடுற நேரத்த, தேடினோம்னு எழுதுறதுக்கு செலவு பண்றோம்.

பினாங்கு_ஃபெரி · 11:56

தாயி, நீ சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு. மேகி தின்னாத, சோறு தின்னு.

சட்டம்_பேசும் (பெட்டாலிங் ஜெயா பக்கம்) · திங்கள் காலை 8:31

காலையிலயே எல்லாரும் சூடா இருக்கீங்க. ரெண்டு விஷயத்த கலக்காதீங்க மக்களே, அத மட்டும் சொல்லிட்டுப் போறேன், 9 மணிக்கு மீட்டிங்.

கண்டுபிடிக்காம விட்டது ஒரு தப்பு. கண்டுபிடிச்சும் சொல்லாம இருந்தது வேற தப்பு. பேரேடு அண்ணே சொன்ன 2.2 மில்லியன் ரெண்டாவது வகை. 1எம்டிபியோட சேந்த பண்டார் மலேசியா கம்பெனி 2.4 பில்லியன் வெள்ளிக்கு சுக்குக் (இஸ்லாமிய கடன் பத்திரம்) போட்டுச்சு, அதத் திருப்பிக் கட்டுறதப் பாதிக்கக்கூடிய முறைகேடுங்க தெரிஞ்சப்ப உடனே செக்யூரிட்டீஸ் கமிஷனுக்கு சொல்லியிருக்கணும், சொல்லலங்குறதுதான் குத்தச்சாட்டு. ஃபண்ட் சுருட்டினத ஏன் புடிக்கலன்னு யாரும் கேக்கல. மூலதனச் சந்தைச் சட்டம் 2007ல பிரிவு 320 இருக்கு, ஆடிட்டர் வாயத் தொறந்தே ஆவணும். கம்பெனிச் சட்டம் 2016லயும் பிரிவு 266ல மோசடின்னு தெரிஞ்சா பதிவாளர்கிட்ட சொல்லணும்னு இருக்கு.

இங்கிலாந்துலயும் அப்படித்தான். லண்டன் கேபிட்டல் அண்ட் ஃபைனான்ஸ்னு ஒன்னு 2019ல கவுந்துச்சு, 11,600 பேரு போட்ட 237 மில்லியன் பவுண்டு மாட்டிக்கிச்சு. ஆடிட் பண்ண பி.டபிள்யூ.சி.க்கு 2024ல 15 மில்லியன் பவுண்டு ஃபைன். ஆடிட்டருங்களுக்கே சந்தேகம் வந்திருக்கு, கிளையண்ட் பக்கம் ஒரு பெரிய ஆளு மெரட்டலா நடந்துக்கிட்டிருக்காரு, தப்புத் தப்பா தகவல் குடுத்திருக்காங்க, கடைசியில என்னமோ சமாதானம் ஆகி கையெழுத்து போட்டுட்டாங்க, ரெகுலேட்டருக்கு ஒரு வார்த்த சொல்லல. அதுக்குத்தான் அபராதம்.

முதல் வகைக்கு தண்டன போடணும்னா "ஒழுங்கா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்"னு நிரூபிக்கணும். அங்கதான் வக்கீலுக்கு வருமானம்.

இன்னொன்னு, 1எம்டிபி விஷயத்துல ஆடிட் ஃபர்முங்க கே.பி.எம்.ஜி. 333 மில்லியன் வெள்ளி, டெலாய்ட் 324 மில்லியன் வெள்ளி 2021ல அரசாங்கத்துக்கு கட்டுனாங்கல்ல, அது ஃபைன் இல்ல, செட்டில்மெண்ட். ஆடிட்டருங்கள மேற்பாக்குற ஆடிட் ஓவர்சைட் போர்டு சட்டப்படி ஒரு தப்புக்கு போடக்கூடிய உச்சவரம்பு 5 லட்சம் வெள்ளி. பெரிய ஃபர்முக்கு அந்த 5 லட்சம் வலிக்காது, புது கிளையண்ட் எடுக்கக்கூடாதுன்னு சொன்னாத்தான் வலிக்கும்.

கெப்போங்_ஸ்டோர் · 9:12

எனக்கு ஒன்னு புரியல, நான் ஹார்டுவேர் கடை வச்சிருக்கவன், வருஷம் 3,500 வெள்ளி ஆடிட்டுக்கு அழுவுறேன். எங்கிட்ட 12 வெள்ளி ஆணிக்கு பில்லு எங்கன்னு கேக்குறானுங்க. அங்க பில்லியன் காணோம்னா தெரியலயாம். என்னய்யா நடக்குது.

அப்புறம் சின்ன கம்பெனிக்கு ஆடிட்டே வேணாம்னு சொல்றாங்களே அது உண்மையா?

லெபோ_பந்தாய் (பினாங்கு) · 10:44

நான் இங்க எழுதுறது கம்மி. ஆனா இந்த இழையப் படிச்சதும் கை சும்மா இருக்கல.

நான் பேங்குக்காரன். லெபோ பந்தாய்ல 27 வருஷம். ஆடிட்டருங்க அனுப்புற உறுதிக்கடிதத்துக்கு பதில் போடுற மேசையில ஒம்பது வருஷம் உக்காந்திருந்தேன். உறுதிக்கடிதம்னா தெரியாதவங்களுக்கு: இந்தக் கம்பெனி பேர்ல டிசம்பர் 31ல எவ்வளவு பணம், எவ்வளவு கடன், எது அடமானம்னு பேங்க் எழுதி சீல் வச்சு நேரா ஆடிட்டருக்கு அனுப்பணும். 'நேரா'ங்குற அந்த ஒரு வார்த்தையிலதான் சூட்சுமமே இருக்கு.

நடக்குறது என்ன? ஜனவரி பொறந்தா மேசையில கடிதம் மலையா குவியும். ஒரு கடிதத்துக்கு ஃபீஸ் இருக்கு, பழைய சிஸ்டத்துல நாலு ஸ்கிரீன் போய்ப் பாக்கணும், மேனேஜருங்களுக்கு அது வியாபாரமே இல்ல, தண்டம். அதனால லேட் ஆகும். ஆடிட்டருக்கு அவசரம். அப்பத்தான் கம்பெனி கிளார்க் ஒருத்தர் சிரிச்சிக்கிட்டே வருவாரு, கையில கேக் டப்பா, "சார் நானே கையோட வாங்கிட்டுப் போயி அவங்ககிட்ட குடுத்துர்றேன்". நல்ல மனுஷந்தான். நூத்துல தொண்ணூத்தொம்பது பேரு நல்ல மனுஷந்தான். கடுதாசி பேங்குல இருந்து கெளம்பி ஆடிட்டர் கைக்குப் போறதுக்குள்ள நடுவுல ஒரு பைக்கு, ஒரு பை, ஒரு மத்தியானம் இருக்கு. அதுதான் எனக்கு ஒதறல்.

இப்ப பேரேடு தம்பி சொன்ன கேஸுங்கள இந்தக் கண்ணோட பாருங்க. இத்தாலில பார்மலாட்னு பால் கம்பெனி, 2003. கேமன் தீவு கம்பெனி பேர்ல 3.95 பில்லியன் யூரோ பேங்க் ஆஃப் அமெரிக்காவுல இருக்குன்னு ஒரு கடுதாசி. பேங்கு "எங்க கடுதாசியே இல்ல"ன்னுட்டாங்க. லெட்டர்ஹெட்ட ஸ்கேன் பண்ணி, நெசம் மாதிரி தெரியணும்னு ஃபேக்ஸ் மெஷின்ல விட்டு விட்டு எடுத்திருக்கானுங்க. சத்யத்துலயும் அதேதான், உறுதிக்கடிதத்த அனுப்புறதையும் வாங்குறதையும் ஆடிட்டருங்க கம்பெனிக்காரங்க கையிலயே விட்டுட்டாங்கன்னு எஸ்.இ.சி. 2011ல எழுதுச்சு. வயர்கார்ட்ல பிலிப்பைன்ஸ்ல ரெண்டு பேங்குல பணம் இருக்குன்னாங்க, ரெண்டு பேங்குமே எங்க கஸ்டமரே இல்லன்னாங்க, அந்த நாட்டு மத்திய வங்கி பணம் நாட்டுக்குள்ளயே வரலன்னுச்சு. பாலுக்காரன் கம்பெனி, சாஃப்ட்வேர் கம்பெனி, பேமெண்ட் கம்பெனி. பதினேழு வருஷம். ஒரே வித்த.

எனக்கு கோவம் எங்க வருதுன்னா, இதப் புடிக்க மூளையே வேணாம். ஃபோன எடுத்து, கிளையண்ட் குடுத்த நம்பர்ல இல்லாம பேங்கோட பொது நம்பர்ல கூப்பிட்டு ஒரு கேள்வி. இதுக்குக் கூட ஃபைன் போடலன்னா எதுக்குப் போடுறது? கஷ்டமான எடத்துல தப்புனவன மன்னிச்சிரலாம், எஸ்டிமேட்டு வேல்யுவேஷன்னு ஆயிரம் இருக்கு. பேங்குப் பணத்த சரிபாக்காதவன மன்னிக்கக்கூடாது.

பேரேடு · 11:10

ஐயா, கும்புடுறேன். இந்த ஒரு போஸ்ட்டுக்காகவே இழைய ஆரம்பிச்சது லாபம்.

இப்ப இ-கன்ஃபர்ம் வந்து ஆன்லைன்ல பேங்கே நேரா பதில் போடுது, அந்த கேக் டப்பா கதை இங்க கொறஞ்சிருக்கு. வெளிநாட்டு பேங்குன்னா இன்னும் பழைய கதைதான்.

கெப்போங் அண்ணே, உங்களுக்கு: உண்மைதான். வருமானம், சொத்து, ஆளுங்க எண்ணிக்க, இந்த மூணுல ரெண்டு வரம்புக்குள்ள இருந்தா ஆடிட் வேணாம்னு சொல்லலாம். 2025ல ஆரம்பிச்ச கணக்கு வருஷத்துக்கு 1 மில்லியன் வருமானம், 1 மில்லியன் சொத்து, 10 ஆளு. 2026க்கு 2 மில்லியன், 2 மில்லியன், 20. 2027க்கு 3, 3, 30. முன்னாடி ரெண்டு வருஷமும் அந்த வரம்புக்குள்ள இருந்திருக்கணும். ஆனா பேங்குல லோன் இருந்தா அவங்க ஆடிட் பண்ண கணக்குதான் கேப்பாங்க, அதப் பாத்துக்குங்க. என் பொழப்புல நானே மண்ணு போட்டுக்கிறேன் பாருங்க.

ஐந்தொகை (பினாங்கு) · மதியம் 1:22

எங்க பாட்டனார் பினாங்கு ஸ்ட்ரீட்ல செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கியில அடுத்தாளா, அதாவது மேலாளுக்கு (ஏஜெண்டுக்கு) அடுத்த ஆளா இருந்தவர். பெட்டியடிப் பையனா வந்து அடுத்தாள் ஆனவர், மேலாள் ஆவறதுக்குள்ள ஜப்பான்காரன் வந்துட்டான். எங்க அப்பத்தா சொல்லிக் கேட்டது இது.

மேலாளுக்கு மூணு வருஷக் கணக்கு. மூணு வருஷம் முடிஞ்சா ஊருக்குத் திரும்பணும், அடுத்து வர்றவன் பேரேடு, குறிப்பு, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எல்லாத்தையும் வரி வரியா பாத்துத்தான் ஏத்துக்குவான். ஏன்னா வராக் கடன் ஏதாச்சும் இருந்து இவன் கண்டுக்காம வாங்கிட்டா, அடுத்த மூணு வருஷம் அது இவன் தலையில. இதுல யோசிக்க வேண்டியது, கணக்கு பாக்க வந்தவனுக்கு சம்பளம் குடுத்தது யாரு? செட்டிநாட்டுல உக்காந்திருக்க மொதலாளி. பாக்கப்படுற மேலாள் இல்ல.

இப்ப லிஸ்டட் கம்பெனில பங்குதாரர் கூட்டத்துல ஓட்டுப் போட்டு ஆடிட்டர வைக்கிறாங்கன்னு காகிதத்துல இருக்கு. நெசத்துல ஃபீஸ் பேசுறது யாரு, காப்பி வாங்கிக் குடுக்குறது யாரு, அடுத்த வருஷம் வேணுமா வேணாமான்னு சொல்றது யாரு? மேலாள்தான். மேலாள் கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு மேலாள் கணக்கப் பாக்கச் சொல்லிட்டு, புடிக்கலன்னா ஃபைனாம். எங்க அப்பத்தா கேட்டா சிரிச்சிருக்கும்.

சட்டம்_பேசும் · 1:40

அழகா சொன்னீங்க, ஆனா ஒரு ஓட்ட இருக்கு. கிட்டங்கியில மேலாள் திருடுனா மொதலாளி புடிப்பாரு. மொதலாளியே திருடுனா? வயர்கார்ட், சத்யம், பார்மலாட் எல்லாத்துலயும் உச்சியில இருந்தவங்கதான் உடந்தை. பெரும்பங்கு வச்சிருக்கவனே கள்ளன்னா சம்பளம் யார் குடுத்தாலும் ஒன்னுதான்.

ஐந்தொகை · 1:47

அதுவும் சரிதான். அதுக்கு எங்க அப்பத்தா கிட்ட பதில் இல்ல.

கெப்போங்_ஸ்டோர் · 2:15

அப்ப ஆடிட்டரு புடிக்கவே மாட்டாரா? எதுக்குய்யா அந்த 3,500?

பேரேடு · 3:02

உண்மையச் சொன்னா அடிக்க வருவீங்க. மோசடி ஆய்வாளர் சங்கத்தோட 2024 அறிக்கையில மோசடி எப்படி வெளிய வந்துச்சுன்னு பாத்ததுல 43 சதவீதம் யாரோ ஒருத்தர் போட்டுக் குடுத்தது. வெளி ஆடிட்டர் கண்டுபிடிச்சது 3 சதவீதம். மூணு!

இதுக்கு எங்க ஆளுங்க ஒரு பழைய தீர்ப்ப எடுத்து நீட்டுவாங்க. 1896, இங்கிலாந்துல ஒரு பஞ்சாலை, மேனேஜர் நூல் ஸ்டாக்க கூட்டிக் கூட்டிக் காட்டிட்டான், ஆடிட்டருங்க அவன் குடுத்த சான்றிதழ நம்பிட்டாங்க. ஜட்ஜு என்ன சொன்னாருன்னா ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லன்னு. விட்டுட்டாங்க. நான் ஏ.சி.சி.ஏ. கணக்காளர் படிப்பு படிக்கறப்ப இத மனப்பாடம் பண்ணேன், பெருமையா இருந்துச்சு. இப்ப நெனச்சா, காவல் நாய்னா கொரைக்கணும்ல? திருடன் போடுற பிஸ்கட்ட தின்னுட்டு படுத்துக் கெடந்தா அதுக்குப் பேரு என்ன.

ஆனா கொரைச்சா என்ன ஆவும்னும் பாத்தோம். 2021, நம்ம ஊரு லிஸ்டட் கம்பெனி செர்பா டினாமிக். கே.பி.எம்.ஜி. தான் சுமார் 4.5 பில்லியன் வெள்ளி கணக்குல கேள்வி எழுப்புச்சு. கம்பெனி என்ன பண்ணுச்சு, ஆடிட்டர் மேலயே கேஸ் போட்டுச்சு. ஷேர் வச்சிருந்தவன் எல்லாம் ஃபேஸ்புக்ல ஆடிட்டரத்தான் திட்டுனான், "நல்லா இருந்த கம்பெனிய கெடுத்துட்டான்"னு. நானே கண்ணால படிச்சேன். ஆடிட்டர் வெலகிட்டாங்க. அப்புறமா 6.01 பில்லியன் வருமானம்னு சொன்னது பொய்னு கம்பெனி மேலயும் அதோட பெரிய தலைங்க மேலயும் கமிஷன் கேஸ் போட்டு, 2022ல எல்லாருமா சேந்து 16 மில்லியன் வெள்ளி காம்பவுண்ட் (கேஸ் நடத்தாம முடிக்கிற அபராதம்) கட்டி முடிச்சிட்டாங்க. பார்க்கிங் சம்மன் மாதிரி. பொய்க்கணக்கு எழுதுனதா கேஸ் வாங்குனவங்களே காம்பவுண்ட் கட்டிட்டு வீட்டுக்குப் போறப்ப, புடிக்காதவனுக்கு மட்டும் எவ்வளவு போடலாம்னு பேசுறோம்.

பினாங்கு_ஃபெரி · 4:30

தம்பி நானும் அப்படித் திட்டுனவந்தான். செர்பா இல்ல, வேற. முந்தி ஒரு கம்பெனில ஆடிட்டர் ஏதோ சந்தேகம்னு எழுதுனப்ப "காலு வாரிட்டான்"னு நானும் வாட்ஸாப்ல எழுதுனேன். பங்கு எறங்குற பயம். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

நைட்_ஷிஃப்ட் (பாயான் லெப்பாஸ்) · 6:55

போட்டுக் குடுக்குறது 43 சதவீதம்னா போட்டுக் குடுக்குறவனுக்கு என்ன பாதுகாப்பு? நான் ஃபேக்டரி ஸ்டோர்ல இருந்தவன். ஆண்டு முடிவுல லாரி வரும், சரக்கு ஏத்தும், டி.ஓ. போடும், பக்கத்து கோடவுன்ல எறக்கும். ஜனவரி நாலாம் தேதி திரும்பி வரும், ரிட்டர்ன்னு எழுதும். எல்லாருக்கும் தெரியும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற பங்களாதேஷ் பையனுக்கும் தெரியும். ஆடிட்டர் பொண்ணு வந்து டி.ஓ. பாத்துச்சு, சாப் (முத்திரை) இருக்கு, கையெழுத்து இருக்கு, டிக். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் ஸ்டோர்காரன் கிட்ட பேச மாட்டாங்க, ஏர்கான் ரூம்லயே உக்காந்திருப்பாங்க.

சட்டம்_பேசும் · 7:20

விசில்புளோவர் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கு, ஆனா அமலாக்க அமைப்புகிட்ட சொன்னாத்தான் பாதுகாப்பு, பேப்பர்காரன் கிட்டயோ ஃபேஸ்புக்லயோ போட்டா கெடையாது. ஜனவரி ரிட்டர்ன் விஷயம் ஆடிட்டர் பாக்க வேண்டிய அடிப்படை. கணக்கு முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற கிரெடிட் நோட்ட பாக்காம விட்டது அசட்டைதான்.

கோப்பி_ஓ_காவ் · 11:31

நைட் ஷிஃப்ட் அண்ணா, அந்தப் பொண்ணு நானா இருக்கக்கூடாதுன்னு சாமியக் கும்புட்டுக்கிறேன். ஆனா நீங்க சொன்னது மண்டையில ஏறிருச்சு. இன்னிக்கு கோடவுன்ல எண்ணிட்டு இருக்கறப்ப ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் கிட்ட "இந்தப் பெட்டி எல்லாம் எவ்ளோ நாளா இங்க இருக்கு"ன்னு சும்மா மலாய்ல கேட்டேன். சிரிச்சாரு. ஒரு வரிசைய காட்டி, "இது ஒரு வருஷமா நகரல"ன்னாரு. கணக்குல அது போன மாசம் வாங்கின சரக்கு. வயசான ஸ்டாக்குன்னு எழுதியிருக்கேன், என்ன ஆவுதுன்னு பாப்போம்.

இப்ப நெசமான ஒரு கேள்வி, அதுக்குத்தான் வந்தேன். வேற ஒரு கிளையண்ட். வெளிநாட்டுல ஒரு பேங்குல ஃபிக்ஸட் டெபாசிட்டு, பெரிய தொக. அந்த பேங்கு ஆன்லைன் சிஸ்டத்துல இல்ல. கிளையண்ட் சொல்றாரு, "எங்க ஆளு வியாழக்கிழம அங்க போறாரு, கையோட வாங்கிட்டு வந்துருவாரு, உங்களுக்கு ஏன் சிரமம்". சீனியர் ஓகேன்னு சொல்லிட்டாங்க, டெட்லைன் இருக்கு. நேத்து வரைக்கும் நானும் ஓகேன்னுதான் இருந்திருப்பேன்.

லெபோ_பந்தாய் · 11:38

வேணாம்மா.

லெபோ_பந்தாய் · 11:46

சும்மா வேணாம்னு சொன்னா பத்தாதுல்ல, விளக்கமா சொல்றேன். கடிதத்த உங்க ஆபிஸ்ல இருந்தே கூரியர்ல அனுப்புங்க, பதில் உங்க ஆபிஸ் விலாசத்துக்கே வரணும்னு அதுல எழுதுங்க. பேங்கு விலாசத்த கிளையண்ட் குடுத்த பேப்பர்ல இருந்து எடுக்காதீங்க, பேங்கோட சொந்த வெப்சைட்ல, இல்லன்னா அந்த நாட்டு மத்திய வங்கி பட்டியல்ல இருந்து எடுங்க. அந்தக் கிளை நெசமாவே இருக்கான்னு பாருங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு கேஸ்ல விலாசம் இருந்துச்சு, அங்க போனா முடிவெட்டுற கடை. மெயில் வந்தா டொமைன் பாருங்க, ஒரு எழுத்து மாறியிருக்கும். பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தா சந்தேகப்படுங்க, பேங்குக்காரன் எவனும் ரெண்டு நாள்ல பதில் போட மாட்டான், நானே போட்டதில்ல.

சீனியர் கிட்ட சண்ட போடாதீங்க. "ஃபைல் ரிவியூவுல இந்தக் கேள்வி வந்தா என்ன பதில் எழுதுறது"ன்னு மட்டும் மெயில்ல கேளுங்க. வாயால இல்ல, மெயில்ல.

பேரேடு · 11:52

ஐயா சொன்னதே சொன்னது. அந்த மெயில் ரொம்ப முக்கியம் தங்கச்சி. ஒரு சின்ன விஷயம் சேத்துக்க. 2024ல அமெரிக்காவுல பி.எஃப். போர்கர்ஸ்னு ஒரு ஃபர்ம மூடுனாங்க, ஃபர்முக்கும் ஓனருக்கும் சேத்து 14 மில்லியன் டாலர், நிரந்தரத் தடை. 1,500க்கு மேல ஃபைலிங் பாதிப்பு. என்ன பண்ணாங்கன்னா போன வருஷ வொர்க்கிங் பேப்பர, அதாவது ஆடிட் வேலைக் குறிப்ப, காப்பி பண்ணி தேதிய மட்டும் மாத்தியிருக்காங்க. நடக்காத மீட்டிங்க நடந்ததா எழுதியிருக்காங்க. அது மோசடியத் தவறவிட்டது இல்ல, ஆடிட்டே மோசடி. அந்த மாதிரிக்கு இவ்வளவு பெரிய அடி கரெக்ட்.

கோப்பி_ஓ_காவ் · 11:57

போன வருஷ ஃபைல காப்பி பண்ணி தேதி மாத்துறதா. இந்த இழையில இருக்க ஆடிட் ஆளுங்க யாரும் கை தூக்காதீங்க ப்ளீஸ்.

ஐந்தொகை · செவ்வாய் காலை 7:15

சீனாக்காரன் கதைய ராத்திரி யாரும் சொல்லல. எவர்கிராண்ட், வீடு கட்டி விக்கிற பெரிய கம்பெனி. 2019லயும் 2020லயும் சேத்து 564 பில்லியன் யுவான் வருமானத்த ஊதிக் காட்டுனாங்கன்னு அங்க உள்ள கமிஷன் சொல்லுச்சு. ஆடிட் பண்ண பி.டபிள்யூ.சி.யோட சீனா ஃபர்முக்கு 2024 செப்டம்பர்ல ஆறு மாசம் தடை, 441 மில்லியன் யுவான் அபராதம், குவாங்சோ கிளைய மூடியாச்சு. தண்டன வர்றதுக்கு முன்னாடியே கிளையண்ட்டெல்லாம் வரிசையா வெளிய போயிட்டான். ஃபைன் தொகைய விட அதுதான் அடி.

பேரேடு · 8:05

ஆமாய்யா, அதுதான் நானும் ரெண்டு நாளா சுத்திச் சுத்தி வர்ற எடம். பணமா வாங்குனா அடுத்த வருஷ ஃபீஸ்ல ஏத்திருவான். கையெழுத்து போடுற ஆளோட லைசென்ஸ்ல கை வை, புது வேல எடுக்காத பாத்துக்க. இங்கிலாந்துல கரில்லியன்னு கவுந்துபோன கட்டுமான கம்பெனி கேஸ்ல 2023ல கே.பி.எம்.ஜி.க்கு 21 மில்லியன் பவுண்டு, 30 மில்லியன் போட்டு ஒத்துழைச்சதுக்காக கொறச்சது, கூட அந்த ஆடிட் பார்ட்னருக்கு மூணரை லட்சம் பவுண்டும் பத்து வருஷம் தொழில்ல இருந்து வெலக்கமும். என் மச்சான் கிட்ட அடுத்த தடவ பாக்கறப்ப இத சொல்லலாம்னு இருக்கேன், ஆனா அவன் திரும்பவும் "உள்ள ஏன் போடல"ன்னுதான் கேப்பான்.

கெப்போங்_ஸ்டோர் · 8:40

அந்த 20 ஆளுல பார்ட் டைம் கணக்கா?

பேரேடு · 8:44

அண்ணே, நேர்ல வாங்க, புத்தகம் பாத்து சொல்றேன். டீ உங்க செலவு.

கோப்பி_ஓ_காவ் · வெள்ளி இரவு 10:20

அப்டேட். செவ்வாக்கிழமையே மெயில் போட்டேன். சீனியர் ஒரு மணி நேரம் பதில் போடல, அப்புறம் மேனேஜர சி.சி. பண்ணி "கூரியர்ல அனுப்பு"ன்னு ஒரு வரி. அனுப்பியாச்சு, விலாசம் பேங்கோட சொந்த வெப்சைட்ல இருந்து எடுத்தேன். கிளையண்ட் குடுத்த விலாசமும் அதுவும் வேற வேற. தெரு ஒன்னுதான், நம்பர் வேற.

நேத்து கிளையண்டோட ஆளு அந்த ஊருக்குப் போகவே இல்லயாம், டிக்கெட் கேன்சலாம்.

இன்னிக்கு ஃபைனான்ஸ் மேனேஜர் ரெண்டு தடவ கூப்பிட்டாரு. நான் எடுக்கல.

லெபோ_பந்தாய் · 10:24

எடுக்காதீங்கம்மா. எத்தன மணிக்கு கூப்பிட்டார்னு மட்டும் எழுதி வைங்க.

பினாங்கு_ஃபெரி · 10:31

சோறு தின்னியா தாயி?